ரிமோட் அக்கா

டிவிடி பிளேயர் ரிப்பேர் என்று வருகிறவர்கள் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரிமோட்டை வீட்டில் மறந்துவிடுவார்கள். "ரிமோட் இல்லாம நான் என்னத்தப் பாக்க அண்ணாச்சி?" என்று எரிந்து விழுவேன். "கொண்டு வரணும்னு நீ சொன்னியாலே?" என்று அவர்கள் பதிலுக்கு எகிறுவார்கள். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் நான் கடை வைத்திருந்த அத்தனை வருஷமும் இந்தச் சண்டை காலைக் காப்பி மாதிரி தவறாமல் நடக்கும். ரிமோட்டை மட்டும் கொண்டுவந்தவள் அந்த அக்கா ஒருத்திதான்.

வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "தம்பி, ஒரே ஒரு பட்டன் அமுங்க மாட்டேங்கு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்றாள்.

ரிமோட்டைத் திறந்தேன். வருஷக்கணக்கில் ரிமோட் திறந்தவனால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியும். சத்தம் கூட்டுகிற பட்டன் தேய்ந்திருந்தால் காது மந்தமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த பாட்டுக்குத் தாவுகிற பட்டன் தேய்ந்திருந்தால் பொறுமை கெட்ட பிள்ளைகள். அக்காவின் ரிமோட்டில் மற்ற எல்லாப் பட்டன்களும் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தன. படத்தை ஓடவிடாமல் அப்படியே நிறுத்தி வைக்கிற பட்டன் மட்டும் அடையாளக் கோடுகள் அழிந்து, குழி விழுந்து, அடியிலிருந்த ரப்பரே பிய்ந்து போயிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ரிமோட்டை நான் பார்த்ததில்லை.

"படம் பாக்கியளா, இல்ல நிறுத்தி நிறுத்தி வெளையாடுதியளா அக்கா?" என்று கிண்டல் செய்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "நிறுத்துததுக்குத்தான் தம்பி அத வாங்குனது" என்றாள்.

செத்த ரிமோட் ஒன்றிலிருந்து ரப்பரை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். பெயர் கேட்டு எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. அடையாளத்துக்கு ஒரு சீட்டில் 'ரிமோட் அக்கா' என்று எழுதிவைத்தேன். கடைசிவரை அந்தப் பெயர்தான் நின்றது.

அவள் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவள்தான், இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள்தான் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தபோது உறைத்தது. எங்கள் கோயிலில் பூசைக்கு முன்னால், யார் யாருக்காக அந்தப் பூசை என்கிற கருத்துகளை வாசிப்பார்கள். முதலில் உயிரோடு இருக்கிறவர்களின் சுகத்துக்காக ஒரு வரிசை. பிறகு இறந்துபோனவர்களின் ஆத்துமாவுக்காக ஒரு வரிசை. கோயில் மேசையில், சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சுகத்துக்கான வரிசையில் மாதம் தவறாமல் ஒரு பெயர் வரும். 'கடல் பயணம் நலமாக அமைய' என்று சேர்த்தே வாசிப்பார்கள். அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது கோயிலில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

அது அக்காவின் புருஷன் பெயர். மாலத்தீவுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போன தோணியில் வேலை பார்த்தவர். தோணியை நடத்திய தண்டலோடு சேர்த்து எட்டுப் பேர் போனார்கள். நடுக்கடலில் காற்று மாறியது. ஒரு தண்ணீர் டிரம்மும் இரண்டு பலகையும் கிடைத்தன, வேறொன்றும் கிடைக்கவில்லை. ஏழு வீட்டில் முப்பதாம் நாள் பூசை வைத்து அழுது முடித்தார்கள். அக்கா வைக்கவில்லை.

தண்டலின் சம்சாரம் ஒருநாள் கோயில் வாசலில் எல்லாருக்கும் கேட்கும்படி, "அவ புருசன் மட்டும் தனித் தோணியிலயா போனான்?" என்று கேட்டுவிட்டாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒம் புருசனப் பத்தி நான் ஏதும் சொன்னேனா? எம் புருசன நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கோபமே இல்லாத குரல். அடுப்பில் இருக்கிற பாலைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதைப் போலச் சொன்னாள்.

அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பது அவளுடைய டிவிடி பிளேயரும் பழுதாகிக் கடைக்கு வரத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த மனுஷனுக்குப் போட்டோ எடுப்பது பிடிக்காது. ரேஷன் கார்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. இரண்டிலும் திருடனைப் பிடித்து நிறுத்திய மாதிரி முறைப்பார். ஆனால் எங்கள் தெருக்களில் கல்யாணம் என்றால் பந்தி பரிமாறுவது தெரு ஆம்பிளைகள்தான். கரையில் இருக்கிற நாளில் அவர் வாளியைத் தூக்காத கல்யாணம் கிடையாது. வீடியோக்காரர் பந்திக்குப் பந்தி இலைக்கு இலை எடுக்க வேண்டும். ஒரு வரிசை விட்டுப்போனாலும் 'எங்கள எடுக்காம போயிட்டான்' என்று வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே எந்தக் கல்யாண டிஸ்கிலாவது அவர் இருந்தாக வேண்டும் என்று அக்கா கணக்குப் போட்டாள்.

வீடு வீடாகப் போய்க் கல்யாண டிஸ்க் கடன் கேட்டாள். அவளுக்கு எல்லாமே சிடிதான். "ஒங்க கல்யாணச் சிடி இருந்தா குடுங்க, ரெண்டு நாள்ல தந்துருதேன்." தாலி கட்டுவது, மோதிரம் மாற்றுவது, கேக் வெட்டுவது எல்லாவற்றையும் ஓட்டித் தள்ளிவிட்டுப் பந்தியை மட்டும் பார்ப்பாள். ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்ப்பாள். பட்டன் தேய்ந்தது அதில்தான்.

மூன்று டிஸ்கில் கிடைத்தார். ஒன்றில் முதுகும் ஒரு காதும். இன்னொன்றில் கை மட்டும். கயிறு அறுத்த கட்டை விரல் தழும்பை வைத்துக் கண்டுபிடித்தாள். மூன்றாவதில் முழுசாக. அதிலும் ஒரு அதிசயம். ஸ்டுடியோக்காரர்கள் பந்திக் காட்சி முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள், பேசுகிறவர்கள் வாயசைப்பது மட்டும் தெரியும். அந்த டிஸ்கில் அந்த இடத்துக்குப் பாட்டுப் போட மறந்துவிட்டார்கள். அவர் குரல் இருந்தது.

கடையில் வைத்து எனக்குக் காட்டினாள். குழம்பு வாளியோடு ஒல்லியாக ஒருவர் வருகிறார். கேமரா அவர் முகத்துக்கு நேரே நிற்கிறது. "ஏலே, என்னைய எதுக்குலே எடுக்க? அங்கன மாப்பிள்ளைய எடு" என்கிறார். வெட்கச் சிரிப்பு. வாளியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் திரும்புகிறார். அவர் தோள் திரையின் ஓரத்தைத் தொடுவதற்குள் அக்காவின் பெருவிரல் இறங்கிவிட்டது. படம் நின்றது.

"அதுக்கப்புறம் என்னக்கா வருது?" என்று கேட்டேன்.

"தெரியாது. நான் ஓட விட்டதில்ல."

"ஒருதடவகூடவா?"

"அவரு போயிருவாருல்லா" என்றாள்.

நான் ஸ்குரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

புருஷனைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஒருநாள் பிளேயரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். "கடல்ல எந்தக் காத்துக்கும் பயப்பட மாட்டாரு. கரைக்கு வந்தா ஆளுவளப் பாத்து வெக்கம். எனக்காவ ஒரு மனுசர்ட்ட வாய தொறந்து ஒண்ணு கேட்டவரில்ல தம்பி. அந்தச் சிடியில உள்ள கல்யாணத்துக்கு நான் போவல. கரு கலைஞ்சு படுத்துக் கெடந்த வாரம். தூக்குச்சட்டியில சோறும் கறியும் கொண்டாந்து வச்சாரு. பொண்ணு வீட்டுக்காரங்களே குடுத்து விட்டாங்கன்னாரு. 'நீரு கேட்டீரா'ன்னேன். 'நான் எதுக்குக் கேக்கேன்'ன்னாரு. கேட்டிருந்தா அந்தச் சோறு இன்னுங் கொஞ்சம் எறங்கியிருக்கும்."

இப்போது மெஷின் கதையைச் சொல்ல வேண்டும். என் பிழைப்பு அது என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் உப்புக் காற்று எந்த மெஷினையும் விடாது. மதுரையில் பத்து வருஷம் ஓடுகிற பிளேயர் இங்கே நாலு வருஷத்தில் இருமத் தொடங்கும். லென்ஸில் ஒரு மங்கல் படியும், உள்ளே கம்பியெல்லாம் பச்சை பூக்கும். அக்கா தன் பிளேயரைப் புருஷன் கட்டிய பழைய கைலிச் சாரத்தில் சுற்றி வைத்திருப்பாள். ஆனாலும் அது படுத்தது. லென்ஸை மாற்றினேன். மோட்டாரை மாற்றினேன். கடைசியில் மாற்ற எந்தப் பாகமும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

வேறு பிளேயர் வாங்கினால் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். அந்த மூன்றாவது டிஸ்க் எதிலும் ஓடவில்லை. டிஸ்கில் படத்தை எழுதி முடித்ததும் கடைசியாக அதை மூட வேண்டும். மூடினால்தான் எல்லா மெஷினும் அதை ஒத்துக்கொள்ளும். கல்யாண சீசன் அவசரத்தில் அந்த ஸ்டுடியோக்காரர் மூடாமலே கொடுத்துவிட்டார். அவளுடைய பழைய பிளேயர் எப்படியோ அதைப் படித்தது. கடையில் இருந்த ஆறேழு மெஷினில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் காலி டிஸ்க் என்று துப்பிவிட்டன. என் கம்ப்யூட்டரும் காலி என்றே சொன்னதால் நகல் எடுக்கவும் வழியில்லை. ஸ்டுடியோவில் போய்க் கேட்டேன். பழைய கேசட்டுகளை அழித்து அழித்து அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு எடுத்துவிட்டார்களாம். கல்யாண வீட்டுக்காரர்களிடம் இருந்ததே இந்த ஒன்றுதான். அவர்கள் வீட்டில் அது ஓடவே இல்லை என்று அவளிடமே விட்டிருந்தார்கள்.

அக்கா நாலைந்து மாதம் அவரைப் பார்க்காமல் இருந்தாள். இறால் கம்பெனி வேலை முடிந்து கடை வழியாகப் போகும்போது தலையை நீட்டி, "ஏதும் வழி பொறந்துச்சா தம்பி?" என்பாள். முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

துபாயில் இருந்த அவளுடைய தம்பி அதே கம்பெனி ப்ளூரே பிளேயர் ஒன்றை அனுப்பினான்; பழைய ரிமோட்டுக்கே அது கேட்டது. நம்பிக்கையில்லாமல்தான் நான் அந்த டிஸ்கைப் போட்டேன். ஓடியது. ஓடியது மட்டுமில்லை, முன்னைவிடத் தெளிவாக ஓடியது. அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். "சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல" என்றாள். "அப்பவே தச்சுத் தரச் சொன்னாரு. நாந்தான் படுத்துக் கெடந்தேன்." அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வீட்டில் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்ததும் நான்தான். டிவிக்கு நேரே ஒரு நாற்காலி. பக்கத்தில் முறத்தில் சின்ன உள்ளி. திரையில் அவர் வாளியோடு நிற்க, அக்கா உள்ளி உரிக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரையைப் பார்த்து, "தம்பி வந்துருக்குல்லா, டீ போடட்டா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா போகவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்த டீயைக் குடித்த வேகத்தில் என் நாக்கு வெந்துவிட்டது.

பத்து நாளில் அக்கா கடைக்கு வந்தாள். "தம்பி, இந்த மெசின் அவர நிக்க விட மாட்டேங்கு."

புது மெஷின்களில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. படத்தை நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆனால் திரை கறுத்து, கம்பெனிப் பெயர் அங்கும் இங்கும் மிதக்கத் தொடங்கும். அதைப் போக்க ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அக்கா தனக்குப் பழகிய அந்த ஒரு பட்டனைத்தான் அமுக்குவாள். அமுக்கினால் படம் கொஞ்சம் நகர்ந்துவிடும். மறுபடி அமுக்கி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு அஞ்சு நிமிஷத்துக்கும் அவர் ஓரத்தைப் பார்த்து ஒரு இம்மி நகர்ந்தார்.

"வேற பட்டன அமுக்குங்க அக்கா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"மத்தியானம் பூராவும் அந்தப் பேரு வந்து அவர் மூஞ்சில ஓடுது தம்பி. நான் உள்ளி உரிப்பனா, அத வெரட்டிக்கிட்டு இருப்பனா? நேத்து கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா மெசினே அணைஞ்சு கெடக்கு."

அதற்கு மேல் சரி பண்ணாமல் விட எனக்கு மனசில்லை. இன்டர்நெட்டில் தேடினேன். அதே மாடலை வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாகப் புலம்பியிருந்தார்கள். டிஸ்க் சிக்குது, சத்தம் வரவில்லை, ரிமோட் வேலை செய்யவில்லை. எல்லா ஊரிலும் என் வாடிக்கையாளர்கள்தான் இருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன். நடுவில் ஒருவர், கம்பெனி புது ஃபர்ம்வேர், அதாவது மெஷினை உள்ளிருந்து ஓட்டுகிற சாஃப்ட்வேர், விட்டிருக்கிறது, அதை ஏற்றினால் மிதக்கிற பெயரை நிறுத்திவைக்கலாம், மெஷின் தானாக அணையாது என்று எழுதியிருந்தார். எனக்கு அது போதும். அந்தப் பக்கத்தை அதற்குக் கீழே நான் படிக்கவில்லை.

பிளேயரையும் டிஸ்கையும் ஒரு மத்தியானத்துக்கு மட்டும் கடையில் விட்டுப்போகச் சொன்னேன். அக்கா டிஸ்கை அதற்கு முன் யாரிடமும் விட்டுப்போனதில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "தம்பி, அதுக்கு மேல ஓட விட்டுராத."

"விட மாட்டேன் அக்கா."

விட்டேன். வேண்டுமென்று விடவில்லை. படத்தை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒருவர் டிவி தெரியவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். பேசி முடித்து நிமிர்ந்தபோது திரையில் அவர் இல்லை. வேறு யாரோ அப்பளம் வைத்துக்கொண்டு போனார்கள். எதையோ கைதவறவிட்டவன் போல, பின்னால் ஓட்டலாம் என்று கையை நீட்டும்போது அவர் மறுபடி வந்தார்.

அதே வலது பக்கத்திலிருந்து, வாளியை நிரப்பிக்கொண்டு வந்தார். கேமராவுக்குப் பக்கத்தில் பட்டுச் சேலையில் ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்திருந்தார், பெண்ணின் அம்மாவாக இருக்க வேண்டும். வாளியோடு அவர் அந்த அம்மா முன்னால் போய் நின்றார். தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். பிறகு, "எக்கா, எங்க வீட்ல அவளுக்குச் சொகமில்ல. படுத்துருக்கா. ஒரு சட்டியில கொஞ்சம் சோறும் கறியும் தந்தியன்னா கொண்டு போயிருவேன்" என்றார். அந்த அம்மா, "இதுக்கா இப்படி முழிச்ச? எடுத்துட்டுப் போவியா!" என்று சிரித்தார். அந்த மனுஷன் முகம் அப்படியே மலர்ந்தது. அதோடு பாட்டு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அவருக்கு அவளுக்காகக் கேட்கத் தெரிந்திருக்கிறது. கேட்டதைச் சொல்லத்தான் தெரியவில்லை. சாயங்காலம் அக்கா வந்ததும் உட்காரவைத்து, 'இன்னைக்கு மட்டும் பட்டன அமுக்காதீங்க அக்கா' என்று சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன். அதற்குள் மெஷினையும் முழுசாகச் சரிபண்ணி வைத்துவிடலாம். போனிலேயே அந்தக் காட்சியைப் படம் பிடித்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. தோன்றவே இல்லை.

பென்டிரைவைச் செருகினேன். திரையில் கோடு மெதுவாக ஊர்ந்து நூறுக்குப் போனது. மெஷின் அணைந்து தானே எழுந்தது. மிதக்கிற பெயரை நிறுத்த இடம் இருந்தது, நிறுத்தினேன். தானாக அணைவதையும் நிறுத்தினேன். டிஸ்கைப் போட்டேன்.

'இந்த டிஸ்கை இயக்க முடியாது' என்று இங்கிலீஷில் வந்தது.

எடுத்துத் துடைத்துப் போட்டேன். பத்துத் தடவை போட்டேன். பிறகு இன்டர்நெட்டில் அதே பக்கத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து கீழே போனேன். மூன்றாவது ஆள் எழுதியிருந்தார்: ஏற்றாதீர்கள், வீட்டில் எழுதிய டிஸ்க் எதுவும் இதற்குப் பிறகு ஓடவில்லை, பழையதற்குத் திரும்பவும் முடியவில்லை. மூன்றே மூன்று பேர் கீழே. அவ்வளவு தூரம்கூட நான் போகவில்லை.

அக்கா வந்தாள். குளித்து, புதுச்சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். நான் சொன்னேன்.

"பழசையே திருப்பிப் போட்டுரு தம்பி. அந்தப் பேரு ஓடுனா ஓடிட்டுப் போவுது."

"முடியாதுக்கா. ஒருதடவ ஏத்திட்டா எறக்க முடியாது."

"மெசின்தான? நீதான ஏத்துன?"

"நாந்தான்க்கா ஏத்துனேன்."

அவள் ரிமோட்டைக் கைக்குட்டையிலிருந்து எடுத்தாள். அந்த இங்கிலீஷ் வரியைப் பார்த்து அமுக்கினாள். விட்டாள். மறுபடி அமுக்கினாள். சென்னையில் இதையெல்லாம் மீட்டுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், கூரியரில் அனுப்புவோம், என் பொறுப்பு என்று நான் கெஞ்சினேன்.

"வேண்டாம் தம்பி. எங்கயும் அனுப்பாத. நான் அனுப்பி வச்சது எதும் எனக்குத் திரும்பி வந்ததில்ல."

டிஸ்கையும் ரிமோட்டையும் எடுத்துக்கொண்டாள். பிளேயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது என் சம்சாரம், "அந்த ஆளு திரும்பி வந்து கேட்டத அந்த அக்காட்ட சொல்லிட்டீங்கல்லா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கு நாளைக்கு என்று ஒரு மாதம் போனது.

ஒரு சனிக்கிழமை பகலில் அக்காவே வந்தாள். கடைக்கு வெளியே வெயிலில் நின்றாள், உள்ளே ஏறவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீ சோதிச்சுப் பாத்தியே, அதுக்கு மேல ஓடியிருக்கும். நான் வையமாட்டேன், உள்ளதச் சொல்லு. அவரு போனதுக்கப்புறம் அதுல என்ன இருந்துச்சு? திரும்ப வந்தாரா?"

வந்தாரென்றால், எங்கே காட்டு என்பாள். காட்ட முடியாதபடி செய்தவன் நான். உனக்காக வாய் திறந்து கேட்டார், அதை நான் பார்த்தேன், நீ இனிமேல் பார்க்க முடியாது என்று ஒருத்தியின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அவளைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன். வெறும் பயம்.

"இல்லக்கா. அவரு போனதோட சரி. அப்புறம் வரல. பாட்டுப் போட்டுட்டாங்க."

அக்கா ரோட்டுப் பக்கம் திரும்பினாள். ஒரு லாரி போனது. "அப்பச் சரி தம்பி" என்றாள்.

மறுநாள் கோயிலில் கருத்துகளை வாசித்தார்கள். சுகத்துக்கான வரிசை முடிந்தது. அந்தப் பெயர் வரவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தேன். இறந்தவர்களின் வரிசையில் நாலாவதாக அந்தப் பெயரை வாசித்தார்கள். கோயில் முழுக்க ஒரு மூச்சு விட்டது. தண்டலின் சம்சாரம் எழுந்துபோய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு நிம்மதி கிடைத்தது என்று எல்லாரும் சொன்னார்கள். இருக்கலாம். அந்த ஆளைக் கடல் கொன்றதா என்று எனக்குத் தெரியாது; நான் கொன்றது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் எப்போதும்போலத்தான் இருந்தாள். வழியில் பார்த்தால், "பிள்ளைங்க நல்லாருக்கா?" என்பாள். ஒரு வார்த்தை குறையவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து மூடுவேன், அந்த மனுஷன் வாளியோடு நின்று திறந்து மூடிய மாதிரி. அவராவது மூன்றாவது தடவை கேட்டுவிட்டார்.

கல்யாண வீடுகளில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. வாளியோடு யாராவது பந்தியைத் தாண்டிப் போனால், அந்த ஆள் திரும்பி வருகிறவரை கையை இலையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பேன். பக்கத்து இலைக்காரர், "என்னண்ணே, கறி வேணுமா?" என்பார்.

போன வருஷம் அக்கா போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பார்க்கப் போனேன். தலைமாட்டில் மாதா சுரூபத்துக்கு அடியில் வெள்ளைக் கைக்குட்டை மடித்து வைத்திருந்தது. அதை அவிழ்த்துப் பார்க்க எனக்குத் தேவை இருக்கவில்லை. பிளேயர் இன்னும் என் கடைப் பரண்மேல்தான் இருக்கிறது. இப்போது கடையில் மொபைல் கவரும் சார்ஜரும்தான் விற்கிறேன்.

இந்த மாதம் முதல் சனிக்கிழமை கோயில் மேசைக்குப் போனேன். உபதேசியார் நோட்டை விரித்தார். அந்த மனுஷன் பெயரைச் சொன்னேன்.

"நல்ல காரியம். அக்கா பேரையும் அவரு பேரையும் சேத்து இறந்தவங்க வரிசையில எழுதிருதேன்" என்று பேனாவைத் திறந்தார்.

"அக்கா பேர அதுல எழுதுங்க. அவரு பேர சொகத்துக்கு எழுதுங்க."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏலே, அந்த ஆளு போயி எத்தன வருசமாச்சு? அந்தப் பொம்பளையே மனசு ஆறி மாத்தி எழுதிட்டாள்லா?"

"அவள மாத்தி எழுத வச்சவன் நாந்தான். அவரு திரும்பி வந்தாரு. நான் பாத்தேன்."

எனக்குப் பின்னால் வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள். உபதேசியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பேனா நோட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதுகிறவரை நான் அந்த மேசையை விட்டு நகரவில்லை.